வீட்டு டேஷ்போர்டில் வெப்பநிலை: ஹோம் அசிஸ்டன்டும் நான்கு சென்சார்களும்

வரவேற்பறைச் சுவரில் மாட்டிய திரையில் 28.370000839 என்று ஓர் எண் வந்து நின்றால், வாங்கிய சென்சாரைத்தான் முதலில் திட்டத் தோன்றும். சென்சார் பாவம், அது 28.37 என்றுதான் சொன்னது. சென்சாரைப் படித்து அனுப்பும் இஎஸ்பி32 சிப் இந்த எண்களை 32 பிட் ஃப்ளோட்டாக, அதாவது இரும எண் வடிவத் தசமமாக, வைத்துக்கொள்கிறது. 28.37 அந்த வடிவத்தில் கச்சிதமாக உட்காராது. உட்காராத மிச்சத்தை அப்படியே அனுப்பினால் திரையில் வால் முளைக்கிறது. அந்த வாலை நறுக்குவது ஒரு நிமிட வேலை. எந்த இடத்தில் நறுக்குவது என்பதில்தான் பலருடைய டேஷ்போர்டு சொதப்புகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட், காட்சிப்படுத்தும் வேலைக்கு நம்பகமான மென்பொருள். ஆனால் எண்ணை ரவுண்ட் செய்யும் இடங்கள் அதில் பல, ஒவ்வொன்றும் தன் போக்கில் நடக்கும். அறைகளுக்கு சோனோஃப் எஸ்என்ஸெட்பி-02டி. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஷாவ்மி மிஜியாவின் சின்னச் சதுர தெர்மோமீட்டர். ஃப்ரிட்ஜுக்கும் ஃப்ரீசருக்கும் டிஎஸ்18பி20 புரோப், அதாவது கம்பி நுனியில் இருக்கும் சென்சார். டிஎச்டி22 பள்ளிக்கூட புராஜெக்டுக்குப் போதும், சுவரில் மாட்டும் டேஷ்போர்டுக்கு வேண்டாம்.

மூளையாக வைத்துப் பார்த்தது ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் பெட்டி. 2023இல் வெளிவந்தது, 4 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. வெப்பநிலை காட்டும் வேலைக்கு இது தாராளம். வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதில் வைஃபை கிடையாது, புளூடூத் கிடையாது, ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பும் கிடையாது. ரௌட்டரிலிருந்து கேபிள் இழுக்க வேண்டும். சோனோஃப் சென்சாருக்கு ஜிக்பீ டாங்கிள் தனி, மிஜியாவுக்கு புளூடூத் டாங்கிளோ புளூடூத் புரோக்ஸியாக, அதாவது சிக்னலை வாங்கிக் கடத்தும் இடைத்தரகராக, வேலை செய்யும் இஎஸ்பி32 போர்டோ தனி. கொண்டோ வீடுகளில் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினாலே புளூடூத் சிக்னல் மெலிந்துவிடும், அங்கே புரோக்ஸி வைப்பதுதான் வழி.

எத்தனை தசமம் காட்டுவது?

சென்சார் எத்தனை இலக்கம் அனுப்புகிறது என்பதும் அதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்பதும் வேறு வேறு. டிஎஸ்18பி20 தன் 12 பிட் நிலையில் 0.0625 டிகிரி படிகளாக அளக்கிறது. அதனால் 28.3125, 28.375 என்று நாலு தசமம் வரை வந்து விழும். ஆனால் தயாரிப்பாளர் உறுதி தருவது மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை, கூடக்குறைய அரை டிகிரிக்குள் இருக்கும் என்பதற்கு மட்டுமே. பிஎம்இ280 சிப் 0.01 வரை இலக்கம் தருகிறது, அறை வெப்பநிலையில் அதன் துல்லியமும் அதே அரை டிகிரிதான். டிஎச்டி22 பத்தில் ஒரு பங்கு வரை சொல்லும், துல்லியம் மறுபடியும் அரை டிகிரி. சோனோஃப் 02டிக்கு கூடக்குறைய 0.2 டிகிரி. எஸ்எச்டி40 சிப் வைத்துச் சொந்தமாகக் கட்டினாலும் அதே அளவு கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் தசமமே வேண்டாமே" என்று நினைக்கலாம். குளிர்நாட்டு வீட்டுக்கு அது பொருந்தும். நம் ஊரில் பொருந்தாது. கோலாலம்பூர் தெரஸ் வீட்டில் ஏர்கோன் போடாத அறை விடியற்காலையில் 27, பிற்பகலில் 32 என்று ஒரு நாள் முழுக்க ஐந்தாறு டிகிரிக்குள்தான் ஆடும். முழு எண்ணாகக் காட்டினால் திரை மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும், ஏர்கோன் வேலை செய்கிறதா என்பதுகூடச் சட்டென்று தெரியாது. ஒரு தசமம் இருந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கு கண்ணில் படும். இரண்டு தசமம் வைத்தால் கடைசி இலக்கம் ஓயாமல் துடிக்கும், அந்தத் துடிப்பில் எந்தச் செய்தியும் இல்லை. ஆகவே அறைகளுக்கு ஒன்று, ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, வெளியே வெயிலுக்கும் ஃப்ரீசருக்கும் தசமமே வேண்டாம்.

ஒரு தசமம் என்று முடிவு செய்துவிட்டால் 28.0இல் அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிவிடாதீர்கள். சில கார்டுகள், அதாவது டேஷ்போர்டில் எண்ணைக் காட்டும் பெட்டிகள், 27.9க்கு அடுத்து 28 என்று காட்டும், எழுத்து ஒரு இடம் இடப்பக்கம் குதிக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏதோ பெரிதாக மாறியது போலத் தெரியும்.

ரவுண்ட் செய்யும் இடம்

ஹோம் அசிஸ்டன்டில் சரியான இடம் ஒன்று உண்டு. டேஷ்போர்டில் சென்சாரைத் தட்டுங்கள், மேலே வரும் பற்சக்கரக் குறியை அழுத்துங்கள், "டிஸ்பிளே பிரிசிஷன்" என்ற பட்டியலில் ஒரு தசமத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே பதிவாகும் மதிப்பு மாறாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும் சுருங்கும். அந்த ஒரே பக்கத்தில் அலகையும் மாற்றலாம்.

இதை விட்டுவிட்டு, வேறு இடங்களிலும் நறுக்கத் தொடங்கும்போதுதான் தொல்லை. ஜிக்பீ சென்சார்களை ஹோம் அசிஸ்டன்டோடு சேர்க்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளில் ஒவ்வொரு கருவிக்கும் "டெம்பரேச்சர் பிரிசிஷன்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது மூலத்திலேயே வெட்டுகிறது, வெட்டியது திரும்ப வராது. பல சென்சார்களின் சராசரி எடுக்கும் மின்-மேக்ஸ் ஹெல்பர், நீங்கள் கேட்காமலேயே இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்யும். இஎஸ்பி32 போர்டை இயக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளில் "அக்யூரசி டெசிமல்ஸ்" ஒரு பக்கம், ரவுண்ட் ஃபில்டர் இன்னொரு பக்கம். இரண்டு இடத்தில் ரவுண்ட் செய்தால் விடையே மாறும். 29.46ஐ நேரடியாக முழு எண்ணாக்கினால் 29. முதலில் ஒரு தசமத்துக்கு 29.5 ஆக்கி, பிறகு முழு எண்ணாக்கினால் 30.

இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. டிஎஸ்18பி20 வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள், காரணம் மட்டும் பிடிபடாது. இஎஸ்பிஹோமில் இரண்டு தசமம் அனுப்பும்படி வைத்து, ஒரே புரோபை ஒரு சாதாரண கார்டிலும், நாமே வரிகள் எழுதும் ஒரு மார்க்டவுன் கார்டிலும் ஒரு தசமத்துக்குக் காட்டிப் பாருங்கள். புரோப் சரியாக 28.25 சொல்லும்போது சாதாரண கார்டில் 28.3, மார்க்டவுனில் 28.2. இரண்டுமே தவறில்லை. சாதாரண கார்டின் எண்ணை வடிவமைப்பது பிரவுசர். பாதியில் நிற்கும் எண்ணை அது மேலே தள்ளும். மார்க்டவுன் கார்டின் டெம்ப்ளேட், அதாவது அதில் எழுதும் சிறு சூத்திரம், ஓடுவது பைத்தானில். பைத்தான் பாதியில் நிற்பதை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளும், ஆகவே 28.25 கீழே இறங்கி 28.2 ஆகிறது. 28.75இல் இந்தச் சண்டை வராது, இருவருக்கும் 28.8. மற்ற சென்சார்களில் சரியாகப் பாதியில் நிற்கும் எண் எப்போதாவதுதான் வரும். இந்தப் புரோபின் 0.0625 படிகளில் கால், அரை, முக்கால் மூன்றும் கச்சிதமாக விழுவதால் இதில் மட்டும் அடிக்கடி நடக்கிறது. ஒரே புரோபை இரண்டு வகை கார்டில் காட்டாமல் இருப்பதுதான் எளிய தீர்வு.

மார்க்டவுன் கார்டில் வேறொரு புகாரும் பரவலாக உண்டு. டிஸ்பிளே பிரிசிஷனை ஒன்றாக வைத்த பிறகும் அங்கே 28.37 என்றே வருகிறது. "ஸ்டேட்ஸ்" என்று எழுதி சென்சார் பெயரைக் கொடுத்தால் கிடைப்பது உள்ளே கிடக்கும் பச்சை மதிப்பு. அதே அடைப்புக்குள் "ரவுண்டெட்", "வித் யூனிட்" என்ற இரண்டையும் ட்ரூ என்று கொடுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த தசமமும் அலகும் தானே வந்துவிடும், நாளைக்கு அமைப்பை மாற்றினால் இங்கேயும் மாறும். ரவுண்ட் ஃபில்டரைக் கையால் போட்டு, பக்கத்தில் டிகிரிக் குறியையும் கையால் ஒட்டுகிற பழைய பழக்கத்தை விட்டுவிடலாம்.

நோட்-ரெட் என்ற ஆட்டோமேஷன் மென்பொருளில் ஃபங்ஷன் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "டூஃபிக்ஸ்ட்" போட்டால் கிடைப்பது எண் அல்ல, எழுத்துக் கோவை. அதற்குப் பிறகு 0.5 டிகிரி திருத்தம் சேர்த்தால் 28.9 வராது, 28.40.5 என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். கணக்கையெல்லாம் முடித்துவிட்டு, கடைசி வரியில் மட்டும் வடிவமைக்க வேண்டும்.

அலகைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்க்யூடிடி (கருவிகள் செய்தி அனுப்பும் ஒரு முறை) சென்சாரையோ டெம்ப்ளேட் சென்சாரையோ நீங்களே எழுதினால் டிகிரி வட்டம் சேர்ந்த முழுக் குறியைக் கொடுங்கள், வெறும் எழுத்தை மட்டும் போடாதீர்கள். கருவி வகை "டெம்பரேச்சர்", ஸ்டேட் கிளாஸ் "மெஷர்மென்ட்" இரண்டும் இருக்கட்டும். வட்டம் விடுபட்டால் ஹோம் அசிஸ்டன்ட் அதை வெப்பநிலை அலகாக ஏற்காது, ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றவும் முடியாது. ஸ்டேட் கிளாஸ் இல்லாவிட்டால் நீண்டகாலப் புள்ளிவிவரம் சேராது. சாதாரண வரலாறு பத்து நாளில் அழிந்துவிடும், அதுதான் வரலாற்றைச் சேமிக்கும் ரெக்கார்டரின் இயல்பான அமைப்பு. சென்ற ஆண்டு ஏப்ரல் வெயிலை இந்த ஆண்டோடு ஒப்பிட நினைப்பவர்கள் இதைத் தொடக்கத்திலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். டிகிரி வட்டத்துக்கு முன்னால் தொப்பி போட்ட ஆங்கில எழுத்து ஒன்று முளைத்தால், அனுப்பும் பக்கம் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் அனுப்புகிறது, வாங்கும் பக்கம் பழைய முறையில் படிக்கிறது என்று பொருள்.

எண்ணே வராதபோது

டேஷ்போர்டின் தரம் தெரிவது சென்சார் பேசாமல் போகும்போதுதான். பேட்டரி தீர்ந்தாலோ தொடர்பு அறுந்தாலோ ஹோம் அசிஸ்டன்ட் "அன்அவெய்லபிள்" என்று வைக்கும். டெம்ப்ளேட்டில் பலர் எழுதுவது "ஃப்ளோட், இல்லையேல் பூஜ்யம்". உடனே படுக்கையறை 0 டிகிரி. கோலாலம்பூரில் அது சிரிப்புக்குரிய எண் என்பதால் ஒற்றை அறையில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் மூன்று அறைகளின் சராசரியில் அந்தப் பூஜ்யம் நுழைந்தால் 30, 30, 0 சேர்ந்து 20 ஆகிறது. ஏர்கோன் போட்ட வீடு போல நம்பும்படியான எண், அதுவே ஆபத்து. டெம்ப்ளேட் சென்சாருக்கு "அவெய்லபிலிட்டி" வரியைக் கட்டாயம் எழுதுங்கள். சராசரிக்கு சென்சார் குரூப் ஹெல்பரைப் பயன்படுத்தி, எண் அல்லாதவற்றை விட்டுவிடும் தேர்வை இயக்குங்கள். திரையில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் போதும்.

இதைவிட மோசமானது உறைந்துபோன எண். எம்க்யூடிடி வழியாக வரும் சென்சார் செத்துப்போனாலும் கடைசியாகச் சொன்ன 28.4 திரையில் அப்படியே நிற்கும். "எக்ஸ்பயர் ஆஃப்டர்" வரியில் 3600 போட்டால், ஒரு மணி நேரம் செய்தி வராத சென்சார் தானாகக் கோடாகிவிடும். ஜிக்பீ2எம்க்யூடிடியில் "அவெய்லபிலிட்டி" வசதியை இயக்க வேண்டும்.

எண் வந்தும் பொய்யானால்

சில எண்களைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிடலாம். 85.0 வந்தால் டிஎஸ்18பி20 இப்போதுதான் மின்சாரம் பெற்று எழுந்திருக்கிறது, அளவு எடுப்பதற்குள் படித்துவிட்டார்கள். 12 பிட் அளவுக்கு அதற்கு 750 மில்லிசெகண்ட் வேண்டும். மாலை இடிமழையில் மெயின் சுவிட்ச் டிரிப் ஆகித் திரும்ப ஏற்றும் வீடுகளில் இது சகஜம். ஃப்ரீசர் அலாரம் வைத்திருந்தால் மின்சாரம் வந்ததும் வீடே அலறும். மைனஸ் 127 வந்தால் கம்பி விட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் இஎஸ்பிஹோமில் "ஃபில்டர் அவுட்" வரியில் தனித்தனியாகக் கொடுத்துத் தடுக்கலாம். அதன் பின் ஐந்து அளவுகளில் நடு எண்ணை எடுக்கும் மீடியன் ஃபில்டர் ஒன்றைப் போட்டால் ஒற்றைக் குதிப்புகள் அடங்கிவிடும். ஃபில்டர்கள் எழுதிய வரிசையில்தான் ஓடும், ஆகவே தடுப்பது முன்னால், மீடியன் பின்னால்.

ஃப்ரீசர் 637.36 டிகிரி என்று வந்தால் தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டாம். ஜிக்பீ வெப்பநிலையை நூறால் பெருக்கி 16 பிட் குறியுள்ள எண்ணாக அனுப்புகிறது. மைனஸ் 18.00 என்பது மைனஸ் 1800. அதைக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 63736, நூறால் வகுத்தால் 637.36. சொந்தமாக டிகோடர் எழுதினால் எண்ணின் வகையைச் சரிபாருங்கள். டிஎச்டி22 வேறு வழியில் போகிறது. முதல் பிட் கழித்தல் குறி, மீதி அளவு. அந்தப் பிட்டைக் கவனிக்காத லைப்ரரியில் அதே மைனஸ் 18 டிகிரி 3294.8 ஆகத் தெரியும். நம் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஒரே இடம் ஃப்ரீசர் என்பதால், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல், சென்சாரை அங்கே வைத்த அன்றுதான் மாட்டிக்கொள்கிறது. பூஜ்யத்தை ஒட்டி ஓடும் சில்லர் தட்டில் "-0.0" என்று வருவதும் இந்தக் குடும்பம்தான். மைனஸ் 0.04ஐ ரவுண்ட் செய்யும்போது குறி மட்டும் மிஞ்சுகிறது. பைத்தானில் ரவுண்ட் செய்த பிறகு பூஜ்யத்தைக் கூட்டினால் குறி போய்விடும்.

நிறமும் கேஜும்

ஹோம் அசிஸ்டன்டின் முள் காட்டும் கேஜ் கார்டை அப்படியே போட்டால் அளவுகோல் 0 முதல் 100 வரை. நம் வீட்டு வெப்பநிலை முழுவதும் அதன் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும், முள் அசைவதே தெரியாது. குறைந்தபட்சம் 20, அதிகபட்சம் 40 என்று வையுங்கள். வெளிப்புற சென்சாருக்கு நிறம் பிரிக்க மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப எச்சரிக்கைப் படிகளே வசதியானவை. மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பநிலை 35 முதல் 37 வரை இருந்தால் முதல் நிலை, 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை, 40க்கு மேல் மூன்றாம் நிலை. மஞ்சள் 35இல், ஆரஞ்சு 37இல், சிவப்பு 40இல். உங்கள் கேஜ் ஒரு நொடியின் எண்ணைத்தான் காட்டுகிறது, அது 35ஐத் தொட்டதும் எச்சரிக்கை வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

நிறத்தை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ரவுண்ட் செய்யாத மதிப்பு, கண்ணுக்குத் தெரிவது ரவுண்ட் செய்தது. ஆகவே 29.96 திரையில் 30.0 என்று வரும், நிறமோ பச்சையிலேயே நிற்கும். பார்ப்பவர் கார்டு பழுது என்று நினைப்பார். வரம்பை 30க்குப் பதில் 29.95 என்று எழுதிவிட்டால் இரண்டும் ஒத்துப்போகும். ஆட்டோமேஷனுக்கும் இதே விதி. கூடவே, 30இல் விசிறி ஓடவும் 29.5இல் நிற்கவும் வைத்தால் எல்லையில் விசிறி ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும் தொல்லை இல்லை.

"உணரும் வெப்பநிலை" காட்ட ஆசைப்படுகிறவர்கள் பொதுவாக எடுத்தாளும் அமெரிக்க வானிலைச் சேவையின் சூத்திரம் ஃபாரன்ஹீட்டுக்கு எழுதப்பட்டது. செல்சியஸை அப்படியே ஊட்டினால் உளறும். மாற்றி, கணக்கிட்டு, திரும்ப மாற்ற வேண்டும். 90 ஃபாரன்ஹீட், அதாவது 32.2 செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்த அட்டவணை 109 ஃபாரன்ஹீட் சொல்கிறது. செல்சியஸில் 43. இதற்குத் தசமம் போடுவது வீண் ஜம்பம்.

மஞ்சள் போர்டு

சுவர்த் திரைக்குப் பழைய டேப்லெட் இல்லாதவர்கள் நாடுவது 2.8 அங்குல இஎஸ்பி32 மஞ்சள் போர்டு, 320க்கு 240 புள்ளிகள். இஎஸ்பிஹோமில் ஓடும், விலையும் குறைவு. எழுத்துரு வரியில் எந்தெந்த எழுத்துகள் வேண்டும் என்று நீங்களே பட்டியல் கொடுத்தால் டிகிரி வட்டத்தையும் கழித்தல் குறியையும் புள்ளியையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த எழுத்து திரையில் சரியாக வராது. அச்சிடும் வரியில் அகலம் 5, தசமம் 1 என்று கொடுங்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில் 9.5, 28.4, -18.0 எல்லாம் வலப்பக்கம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். போர்டு எழுந்ததும் முதல் அளவு வருவதற்குள் திரையில் மூன்றெழுத்து ஆங்கில உளறல் ஒன்று தெரியும். சென்சாரிடம் மதிப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்டு, இல்லையென்றால் இரண்டு கோடு போடச் சொல்லுங்கள்.

சென்சாரை இந்தப் போர்டின் முதுகிலேயே ஒட்டாதீர்கள். திரை விளக்கும் சிப்பும் சேர்ந்து சூடேற்றி, அறையை விட ஓரிரு டிகிரி கூட்டிக் காட்டும். பிஎம்இ280 தானே கொஞ்சம் சூடாகும் சிப் வேறு. இருபது சென்டிமீட்டர் கம்பியில் கீழே தொங்கவிடுங்கள். மேலே அல்ல, சூடு மேலேதான் ஏறும். சாமி மேடைக்கு மேலே, ஏர்கோன் வாய்க்கு நேரே, ரைஸ் குக்கருக்கு மேல் அலமாரியில் வைத்த சென்சார்கள் அந்தந்தப் பொருளின் வெப்பநிலையைத்தான் சொல்லும். மேற்குப் பார்த்த சுவரும் வேண்டாம், பிற்பகலில் செங்கல்லே சூடாகிவிடும்.

திருத்தம்

டிஎஸ்18பி20 புரோபைச் சோதிக்க மலிவான வழி ஐஸ். ஐஸ் கச்சாங்குக்குச் சீவுவது போன்ற பொடி ஐஸை ஒரு குவளை நிறைய எடுத்து, இடுக்குகள் நிறையும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். புரோப் அடியையோ ஓரத்தையோ தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து 0.3 காட்டினால் இஎஸ்பிஹோமின் "ஆஃப்செட்" வரியில் மைனஸ் 0.3. ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் அது அசல் சிப் அல்ல என்று சந்தேகிக்கலாம், சந்தையில் நகல்கள் ஏராளம். கட்டிக் கட்டியான ஐஸ் தண்ணீரில் மிதந்தால் கணக்கு தவறும், அடித் தண்ணீர் சில டிகிரி கூடுதலாக இருக்கும்.

அறை சென்சார்களை ஐஸில் போட முடியாது. எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஓர் இரவு அடுத்தடுத்து வைத்து, நடுவில் நிற்கும் எண்ணோடு மற்றவற்றை ஒப்பிட்டுத் திருத்துங்கள். சோனோஃப்புக்கு ஜிக்பீ2எம்க்யூடிடியின் "டெம்பரேச்சர் கேலிபிரேஷன்" இருக்கிறது. 0.2க்குள் இருக்கும் வேறுபாட்டைத் துரத்த வேண்டாம்.

எதை வாங்குவது

சோனோஃப் 02டியின் பெரிய எல்சிடி, டேஷ்போர்டு படுத்துவிட்டாலும் அறையிலேயே எண்ணைக் காட்டும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது ஒன்றே வாங்கக் காரணம். பேட்டரி சிஆர்2450. மளிகைக் கடையில் தொங்குவது பெரும்பாலும் சிஆர்2032தான், ஆகவே ஒன்றைக் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

மிஜியாவுக்கு சிஆர்2032 போதும். அசல் மென்பொருளில் அது சங்கேதமாகத்தான் பேசும், பைண்ட் கீ என்ற சங்கேதத் திறவுகோலை எடுத்துக் கொடுக்க வேண்டும். சமூகம் எழுதிய மாற்று ஃபர்ம்வேரை பிரவுசர் வழியாகவே ஏற்றி, பிடிஹோம் என்ற புளூடூத் செய்தி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஹோம் அசிஸ்டன்ட் தானே கண்டுபிடிக்கும், நூறில் ஒரு பங்கு டிகிரி வரை அனுப்பும். கேட்காமலேயே வரும் அந்த இரண்டாவது தசமத்தை டிஸ்பிளே பிரிசிஷனில் மறைத்துவிடுங்கள். 0 முதல் 60 டிகிரி வரைதான் இதன் எல்லை, ஃப்ரீசருக்குள் வைக்காதீர்கள்.

டிஎச்டி22ஐ ஒதுக்குவதற்குக் காரணம் வெப்பநிலை அல்ல. நம் ஊர் ஈரத்தில் சில மாதம் கழித்து ஈரப்பதம் 99.9இல் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள் அதில் அதிகம். அதைக் கொடுக்கும் விலையோடு கொஞ்சம் சேர்த்தால் எஸ்எச்டி40 போர்டு வந்துவிடும்.

உதிரிப் பாகங்களுக்கு கோலாலம்பூர் புடு ஜாலான் பாசார் கடை வரிசைக்கு நேரில் போவது நல்லது, கம்பி நீளத்தைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். ஃப்ரீசருக்கு ஒரு மீட்டர் போதாது. கதவு ரப்பரைத் தாண்டி, பின்பக்கம் சுற்றி, போர்டு இருக்கும் இடத்துக்கு வர இரண்டு மீட்டராவது வேண்டும். கம்பி தடிமனாக இருந்தால் ரப்பர் மூடாது, ஐஸ் படியும். மெல்லிய கம்பி கேளுங்கள், கதவு கீல் பக்கமாக உள்ளே விடுங்கள். அதோடு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். டேட்டா கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் அது இல்லாமல் புரோப் பேசாது, பல பாக்கெட்டுகளில் அது இருப்பதில்லை.